முதலில் பாதை, அப்புறம் மவுண்டன் பைக்: புதிதாக வந்தவர்களுக்கு

புது நாட்டில் வீடு கிடைத்து, வேலைக்குப் போய்வரும் வழியும் பிடிபட்ட பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஜன்னல் வழியே பார்ப்பீர்கள். யாரோ ஒருவர் சேறு தெறித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அவர் முகத்திலும் சேறு. ஆனால் ஒரு வாரக் களைப்பும் அந்த முகத்தில் இருக்காது. அன்றிரவே மவுண்டன் பைக் படங்களைப் பார்க்கத் தொடங்கி, விடிவதற்குள் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

எனக்கு வந்து சேர்ந்தது முன்னும் பின்னும் 160 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கி அமுங்கும் அமைப்பு) உள்ள வண்டி. செங்குத்தான மலைச் சரிவில் இறங்குவதற்காகச் செய்தது. என் வீட்டுக்கு எட்டிய தூரத்தில் இருந்ததோ ஆற்றோரமாக ஒரு மண்பாதையும் ஒரு சின்னக் காடும்தான். அங்கே அதை மிதிப்பது மெத்தைமேல் நடப்பதுபோல இருந்தது. ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். ஆகவே சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள். இரண்டு வார இறுதிகள் வீட்டைச் சுற்றி நடந்தே பார்த்தால் போதும். அங்கே ஓட்டுபவர்கள் என்ன வண்டி வைத்திருக்கிறார்கள், பாதையில் கல் அதிகமா வேர் அதிகமா, மழை பெய்தால் சேறு எவ்வளவு என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும்.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். காட்டுக்குள் ஒரு பாதை போகிறது என்பதால் அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஃபுட்பாத்’ என்று பலகை வைத்த பாதையில் நடக்க மட்டுமே உரிமை உண்டு. ‘பிரைடில்வே’ என்ற குதிரைப் பாதையில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். அங்கிருந்து எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் கதையே வேறு. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு ஓட்டும்வரை பெரும்பாலான நிலங்களில் சைக்கிளுக்கு உரிமை உண்டு. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறுகலான காட்டுப் பாதையில் சைக்கிளுக்குத் தடை. ஆஸ்திரியாவில் அனுமதி தந்து திறந்துவிட்ட காட்டுச் சாலைகளில்தான் ஓட்டலாம். அமெரிக்காவில் ‘வில்டர்னஸ்’, அதாவது இயற்கை அப்படியே இருக்கச் சட்டப்படி காக்கும் இடம், என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் சைக்கிளே கூடாது.

நீங்கள் இருக்கும் நாடு இந்தப் பட்டியலில் இல்லையென்றால், பாதை தொடங்கும் இடத்தில் உள்ள பலகையை நின்று படியுங்கள். மொழி தெரியாவிட்டால் படம் எடுத்து யாரிடமாவது கேளுங்கள். அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நடக்க வருபவர்களோடு ஒருமுறை சண்டையாகிவிட்டால் அந்தக் காட்டுக்குப் போகவே மனம் வராது.

பாதைகளின் கடினத்தை நிறத்தால் குறிப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வட அமெரிக்காவில் எளிதிலிருந்து கடினத்துக்குப் பச்சை, நீலம், கறுப்பு, அதற்குமேல் இரட்டைக் கறுப்பு. பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வரும். ஆல்ப்ஸ் பக்கம் நிறத்துக்குப் பதிலாக எஸ்0 முதல் எஸ்5 வரை எண் போட்டிருப்பதும் உண்டு. எந்த நாடானாலும் முதல் மாதம் மிக எளிதான பாதையிலேயே இருங்கள். ‘சாலையில் பத்து வருஷம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேனே’ என்பது இங்கே கணக்கில் வராது.

எந்த வண்டி

பாதை தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மண்பாதை, காட்டுச் சாலை, எப்போதாவது வேரும் கல்லும் என்றால் ஹார்டெயில் போதும். அதாவது முன்னால் மட்டும் 100 முதல் 130 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், பின்னால் எதுவும் இல்லை. முன்பின் இரண்டிலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி கல்லுப் பாதையில் சுகம்தான். ஆனால் அதே பணத்துக்கு வரும் ஹார்டெயிலில் நல்ல பிரேக்கும் நல்ல கியரும் கிடைக்கும். பராமரிப்பும் குறைவு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 50 முதல் 125 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் கேட்பார்கள். பின்னால் ஒரு ஷாக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் சேர்ந்தால் அந்தச் செலவும் சேரும்.

சஸ்பென்ஷன் இல்லாமல் மலையில் இறங்கவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விளையாட்டு உருவானது 1970-களில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியில். பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டார்கள் சில இளைஞர்கள். 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் வந்த கதை அதுதான்.

சக்கரம் 29 அங்குலமா 27.5-ஆ என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்கும் எதுவும் சரி. 26 அங்குலம் மட்டும் பழைய அளவு. நல்ல டயர் தேடுவது நாளுக்கு நாள் கடினமாகிறது. மின்மோட்டார் வைத்த வண்டியென்றால் உள்ளூர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவும் மோட்டார் என்றால் சைக்கிளாகவே கருதுவார்கள். அதைத் தாண்டினால் பதிவு, காப்பீடு என்று வேறு கணக்கு.

அளவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தள்ளுபடியில் ‘எல்’ அளவுதான் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சைக்கிளின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பெரிய வண்டியைச் சீட்டை இறக்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதுகுவலி நிச்சயம்.

பல்பொருள் அங்காடியில் மலிவாக, முன்பின் ஸ்பிரிங்கோடு பளபளவென்று நிற்பவை பார்வைக்குத்தான் மவுண்டன் பைக். சிலவற்றின் பிரேமிலேயே ‘கரடுமுரடான பாதைக்கு அல்ல’ என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதே பணத்துக்கு நல்ல கம்பெனியின் பழைய ஹார்டெயில் கிடைக்கும்.

பழையதை வாங்கும்போது

பகலில் போய்ப் பாருங்கள். பிரேமின் அடியில், பெடல் அச்சு இருக்கும் உருளையைத் தடவினால் வரிசை எண் பொறித்திருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எண் இருந்தால், பிரிட்டனில் பைக்ரெஜிஸ்டர், வட அமெரிக்காவில் பைக் இண்டெக்ஸ் போன்ற பதிவேடுகளில் அது திருட்டு வண்டியா என்று தேடலாம். விற்பவரிடம் பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உண்மையான சொந்தக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் முடிபோல விரிசல் இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் கீறலா விரிசலா என்று சந்தேகம் வந்தாலே வேண்டாம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக் டக்’ என்று ஆடக்கூடாது. ஃபோர்க்கின் வழுவழுப்பான கால்களில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும், செலவு வைக்கும். செயின் தேய்ந்திருப்பது பெரிய விஷயமில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

புது வண்டி பெட்டியில் வந்தால் பெடல் மாட்டும் வேலை நம் தலையில் விழும். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கம்போல வலப்பக்கம் சுற்றி முறுக்கினால் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே போய்விடும். இரண்டு பெடலையும் வண்டியின் முன்பக்கம் நோக்கிச் சுற்றினால் இறுகும் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இடக்கை, வலக்கை

நானே தலைகுப்புற விழுந்து கற்றுக்கொண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முன்பிரேக் வலக்கையில் இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அது இடக்கையில். மூளைக்கு இது புரிந்துவிடும். கை மறந்துவிடும். வாடகைக்கு எடுத்த வண்டியில் ஒரு இறக்கத்தில் மான் குறுக்கே வர, பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. மான் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

வண்டி வாங்கும்போதே பிரேக்கை உங்களுக்குப் பழகிய பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பழகிய வேலைதான். புது நாட்டு வழக்கத்துக்கே மாறுவதானால் காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகிவிட்டுக் காட்டுக்குள் போங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்குக் கை முழுவதும் தேவையில்லை, ஒரு விரல் போதும். புது பிரேக் பேடுகள் முதல் இருபது முப்பது தடவை மெதுவாகப் பிடித்து வேகம் குறைத்த பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்கில் எண்ணெய்க் கை படக்கூடாது. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக்கை அமுக்கவும் கூடாது.

காற்று விஷயத்திலும் பழக்கத்தை மாற்ற வேண்டும். கல்போல இறுகக் காற்று அடிப்பது சாலைக்குச் சரி. காட்டில் 25 பிஎஸ்ஐயை ஒட்டி, உடல் எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயர் தரையை அணைத்துக்கொண்டு போக வேண்டும். ரொம்பக் குறைத்தால் ட்யூப் கல்லில் நசுங்கி இரட்டைப் பஞ்சராகும். மெல்லிய ப்ரெஸ்டா வால்வு என்றால் உச்சியிலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். இது தெரியாமல் பம்பு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனவரைப் பார்த்திருக்கிறேன்.

ஹெல்மெட் எங்கிருந்தாலும் போடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சாலையில் அது கட்டாயம். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மவுண்டன் பைக் பெரும்பாலும் விளக்கில்லாமல் வரும். குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும் நாடுகளில் விளக்கு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் சில ஓட்டங்களுக்குத் தனியாகப் போக வேண்டாம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவதுதான் பொதுவான மரியாதை. குதிரை எதிரே வந்தால் நின்று, கேட்கும்படி நிதானமாகப் பேசி வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரள்வது குறையும். பெருமழைக்கு மறுநாள் ஓட்டாமல் இருங்கள். ஈர மண்ணில் விழும் டயர் தடம் காய்ந்து பள்ளமாகிவிடும், அதைச் சரிசெய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள்.

திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவுவதற்கு முன் உங்கள் கால்களைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்லிலும் புதரிலும் உண்ணிகள் உண்டு. லைம் நோய் அவற்றின் கடியால் வரும். முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் என மறைவான இடங்களில்தான் ஒட்டியிருக்கும். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.