ரக்பியில் ‘ரக்’: நடுவரின் கண் எங்கே இருக்க வேண்டும்?

வேலூர்க் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும் மைதானத்தில் ரக்பி நடுவராக நிற்பவர், தரையிலுள்ள பந்தின் மேல் இரு அணியினரும் நின்றபடியே முட்டித் தள்ளும் ‘ரக்’ உருவானதும், பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிராமல், பின்னாலிருந்து ஓடிவந்து சேரும் வீரர்களின் கைகளைக் கவனிப்பது நல்லது. எவரையும் கையால் பற்றிக்கொள்ளாமல் இடித்து நுழைவதும், எதிராளியைத் தோள்மட்டத்துக்கு மேலே தாக்குவதும், ரக்கை வேண்டுமென்றே சரிப்பதும் விதிப்படி அபாயகரமான ஆட்டமே. மூன்றுக்கும் பெனால்டி உண்டு. தலையில் அடி விழுந்திருந்தால் அட்டையையும் யோசிக்க வேண்டும். மஞ்சள் அட்டை பெற்றவர் பதினைவர் ஆட்டத்தில் 10 நிமிடமும், எழுவர் ஆட்டத்தில் 2 நிமிடமும் வெளியே இருப்பார். கபடியில் பழகிய நம் பிள்ளைகள் கால்களை நோக்கிப் பாய்வது இயல்புதான். ஆனால் ரக்கில் சேரும்போது தலையும் தோளும் இடுப்பைவிடத் தாழக் கூடாது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.