துப்பறியும் நாவலைக் கூடிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாதம் ஒரு பழைய துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் கூடிப் பேசுகிறோம். ஆரம்பத்தில் பல கூட்டங்கள் கால் மணி நேரத்திலேயே படுத்துவிட்டன. கொலையாளி யார் என்று பேசி முடித்ததும் டீ குடிக்க எழுந்துவிடுவோம். விடை தெரிந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அதைக் கற்றுத் தந்தது அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', 1926இல் வந்தது. கொலை நடந்த அறையில் ஒரு நாற்காலி இடம் மாறியிருக்கிறது. உடலைப் பார்த்தபோது அது முன்னே இழுத்துப் போடப்பட்டிருந்தது, பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது என்கிறார் பட்லர். துப்பறிவாளர் பொய்ரோ அதை விடாமல் பிடித்துக்கொள்கிறார். படிக்கும்போது எங்களில் ஒருவர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை. முடித்தபின் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தோம். எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது! ஒரு நாற்காலியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். அது ஏன் நகர்ந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்.

முடிவை உடைப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லாமலே உடைக்கலாம். "கடைசியில் பெரிய ட்விஸ்ட் இருக்கு" என்றாலே பாதி போச்சு. பழைய நாவல்களின் புதிய பதிப்புகளில் வரும் முன்னுரையும் அப்படித்தான், பல சமயம் முடிவையே சொல்லிவிடும். அதைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்துக்குப் பதில் படம் பார்த்துவிட்டு வருவதும் வேண்டாம். படத்தில் தடயங்கள் மாறியிருக்கும்.

அப்புறம், "எனக்கு முதல்லயே தெரியும்" என்பவர். இதற்காகவே நாவலை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். எல்லரி குவீனின் ஆரம்பகால நாவல்களில், எல்லாத் தடயமும் கைக்கு வந்த கட்டத்தில் கதையை நிறுத்தி வாசகருக்குச் சவால் விடும் பக்கம் ஒன்று வரும். நாங்களும் முக்கால் பங்கில் நிறுத்துகிறோம். ஆளுக்கொரு சீட்டில் கொலையாளியின் பெயர், காரணம், பக்க எண் எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். பக்க எண் கேட்டதும் வெறும் ஊகம் குறைந்துவிட்டது. தப்பான சீட்டுகளைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். எழுத்தாளர் நம்மை எந்த இடத்தில் திசைதிருப்பினார் என்பது அவற்றில்தான் தெரியும்.

நான் பெரிய தவறாக நினைப்பது, நூலை அதன் காலத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பார்ப்பது. வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868இல் வந்தது, ஒரு வைரம் திருடுபோகும் கதை. "கைரேகை எடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே" என்றார் ஒருவர். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியதே 1901இல்தான். கதையில் துப்பறியும் சார்ஜென்ட் கஃப்பிடம் இருப்பது கதவில் கலைந்திருக்கும் துளி பெயின்ட். அவருக்கு முன் வந்த அதிகாரி அதை அற்பம் என்று ஒதுக்கிவிட்டார். கஃப்போ, பெயின்ட் எப்போது காய்ந்தது, யாருடைய துணி அதில் பட்டது என்று கேட்கத் தொடங்குகிறார். துப்பறியும் கதைகளுக்கென்று ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வெளியிட்ட பத்து விதிகளை வைத்து இந்த நாவலுக்கு மார்க் போடுவதும் அப்படித்தான். அந்த விதிகள் வந்ததே அறுபது வருடம் கழித்து.

அதே நாவலின் முகவுரையை எங்களில் பாதிப் பேர் தாண்டிவிட்டார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூறையாடியபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி அந்த வைரத்தைத் திருடுவது அங்கேதான் வருகிறது. அதைப் படிக்காவிட்டால், இங்கிலாந்து வீட்டில் நடப்பது முதல் திருட்டு அல்ல என்பதே மனதில் பதியாது.

அடுத்த மாதம் ஆண்டனி பெர்க்லியின் 'தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்'. அதிலும் ஒரு வட்டம் கூடுகிறது. உறுப்பினர் ஆறு பேர், ஒரே கொலைக்கு ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். இந்த முறை ஒவ்வொரு விடைக்கும் ஒரு சீட்டு என்று முடிவு செய்திருக்கிறோம். டப்பா பெரியதாக வேண்டும்.