ஜாவா மேப்பில் லூப் ஓட்ட கீசெட்டை விட என்ட்ரிசெட் நல்லது

ஜாவாவில் மேப் என்பது கீயையும் அதற்கான வேல்யூவையும் ஜோடியாக வைப்பது. அதன் கீ, வேல்யூ இரண்டுமே தேவையென்றால், கீக்கள் மட்டும் இருக்கும் கீசெட்டில் லூப் ஓட்டி, உள்ளே ஒவ்வொரு தடவையும் வேல்யூவை எடுக்க கெட் போடாதீர்கள். நேராக, கீ-வேல்யூ ஜோடிகள் (என்ட்ரிகள்) இருக்கும் என்ட்ரிசெட்டில் ஓட்டுங்கள்.

காசிமேட்டு மீன் விலையை ஒரு ஹேஷ்மேப்பில் வைத்திருக்கிறீர்கள், வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் கீ, கிலோ விலை வேல்யூ என்று வையுங்கள். கீசெட் வழியில் போனால் 'வஞ்சிரம்' கைக்கு வந்த பிறகும் அதன் விலைக்காக மேப் மறுபடி ஹேஷை (கீயிலிருந்து கணக்கிடும் எண்ணை) வைத்து அது இருக்கும் பக்கெட்டைத் தேடி, கீ ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் எடுத்துத் தருகிறது. என்ட்ரியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, கெட்கீ, கெட்வேல்யூ போட்டால் முடிந்தது. கீக்களை மரம் போல அடுக்கி வைக்கும் ட்ரீமேப்பில் மிச்சமாகும் வேலை இன்னும் அதிகம், அங்கே ஒவ்வொரு கெட்டும் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கித் தேட வேண்டும். விலையை லூப்புக்குள்ளேயே மாற்ற என்ட்ரியில் செட்வேல்யூவும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஆனால் மேப்.ஆஃப் மாதிரி மாற்ற முடியாத மேப்பில் அது நடக்காது.

மீன் பெயர் மட்டும் போதுமென்றால் கீசெட்டே சரி, விலை மட்டுமென்றால் வேல்யூஸ். சங்கரா விலை மட்டும் வேண்டுமா, லூப்பே வேண்டாம், ஒரு கெட் போதும்.

அப்புறம், லூப் ஓடும்போது மேப்பிலிருந்து நேரடியாக ரிமூவ் செய்தால் என்ட்ரிசெட்டிலும் பெரும்பாலும் கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் என்ற பிழை வந்து நிற்கும். அதற்கு, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரின் ரிமூவ், இல்லையென்றால் நிபந்தனைக்குப் பொருந்துவதை நீக்கும், ஜாவா 8 முதல் இருக்கும் ரிமூவ்இஃப்பை என்ட்ரிசெட் மேலேயே போடுங்கள்.