கான்ஃபிக் மாறிய பின் லினக்ஸ் கர்னலை மறுபடி தொகுப்பது எப்படி

என் டெபியன் லினக்ஸ் கணினியில் ஓடுவது நானே தொகுத்த கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையநிரல். முதன்முறை தொகுத்தபோது நேரத்தை மிச்சப்படுத்த ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையைப் பயன்படுத்தினேன். அந்த நிமிடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (கர்னலோடு தனியே ஏற்றக்கூடிய நிரல்துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அது கழித்துவிடும். கைபேசியை அப்போது நான் இணைத்திருக்கவில்லை. பிறகு வீட்டு இணையம் நின்றுபோன ஒரு மாலையில், யூஎஸ்பி வடம் வழியாகக் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்க முயன்றபோதுதான், அதற்கு வேண்டிய ஆர்என்டிஐஎஸ் டிரைவரே கர்னலில் இல்லை என்பது தெரிந்தது. அந்த ஒரு டிரைவரைச் சேர்த்த முறையை இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

கர்னல் மூலநிரல் கோப்புறையில் ‘.கான்ஃபிக்’ என்ற கோப்பு இருக்கும். கர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற அமைவுகள் அதில்தான் உள்ளன. முதல் வேலையாக அதற்கு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ கட்டளையின் பக்கமே போக வேண்டாம். அது கான்ஃபிக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடும். ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால், ‘பூட்’ கோப்புறையில் ஓடும் கர்னலின் பெயரோடு கிடக்கும் கான்ஃபிக் நகலை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மாற்றத்தைச் செய்யும் இடம். ‘.கான்ஃபிக்’கை உரைத்தொகுப்பியில் திறந்து, ‘யூஎஸ்பி_நெட்_ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட்’ என்ற வரியை நேரடியாக எழுதினால் போதும் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். கான்ஃபிக் கோப்பைச் சீர்படுத்தும் ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ ஓடி முடிந்ததும் அந்த வரி சுவடில்லாமல் மறைந்திருந்தது. காரணம், அந்த டிரைவர் ‘யூஎஸ்பி_யூஎஸ்பிநெட்’ என்ற இன்னொன்றைச் சார்ந்தது. அது அணைந்திருக்கும்வரை இதை எழுதினாலும் நிற்காது. ஆகவே ‘மேக் மெனுகான்ஃபிக்’ கொடுத்து, சாய்கோட்டை (/) அழுத்திப் பெயரைத் தேடுங்கள். எதை எது சார்ந்திருக்கிறது, மெனுவில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரியும். ‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே சேரும். ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏறும் மாட்யூலாகும். கைபேசி டிரைவருக்கு ‘எம்’ போதும்.

சேமித்து வெளியே வந்த பின், ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘டிஃப்கான்ஃபிக்’ நிரலிடம் பழைய நகலையும் புதிய கோப்பையும் கொடுத்து ஒப்பிடுங்கள். யூஎஸ்பிநெட்டை இயக்கியதும் நாம் கேட்காத வேறு சில டிரைவர்களும் தாமாகவே சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள், அவற்றால் கேடில்லை. வேறு எதுவும் காணாமல் போயிருந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

தொகுக்கும் முன், கர்னல் பெயரின் பின்னொட்டான ‘லோக்கல்வெர்ஷன்’ மதிப்பை மாற்றுவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பெயர் பழையதாகவே இருந்தால் புதிய கர்னல் பழையதன் மேலேயே பதிந்துவிடும். திரும்பிப் போக வழியிருக்காது. பிறகு ‘மேக் -ஜே’ என்பதோடு உங்கள் செயலியின் கோர் எண்ணிக்கையைச் சேர்த்து ‘பின்டெப்-பிகேஜி’ என்று கொடுங்கள். ‘மேக் கிளீன்’ தேவையில்லை. எந்தக் கோப்பு எந்த அமைவைச் சார்ந்தது என்பதைக் கர்னலின் கட்டுமான அமைப்பு குறித்து வைத்திருப்பதால், மாறியதை ஒட்டியவை மட்டுமே மறுபடி தொகுக்கப்படும். பெயர் மாறியதற்காக மாட்யூல்கள் மீண்டும் இணைக்கப்பட்டாலும், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். டெபியன், உபுண்டு தரும் கான்ஃபிக்கிலிருந்து தொடங்கியவர்களுக்குச் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று தொகுப்பு நின்றுபோகலாம். ‘சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்’ மதிப்பையும், உபுண்டு கான்ஃபிக் என்றால் ‘சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்’ மதிப்பையும் வெறுமையாக்கினால் சரியாகும்.

டெப் கோப்புகள் (டெபியனின் நிறுவல் பொதிகள்) ஒரு படி மேலுள்ள கோப்புறையில் கிடைக்கும். ‘பூட்’ பிரிவில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இமேஜ் பொதியை ‘டிபிகேஜி -ஐ’ கொண்டு நிறுவுங்கள். டிகேஎம்எஸ் மாட்யூல்கள் (புதிய கர்னல் வரும்போதெல்லாம் தாமாக மறுபடி தொகுக்கப்படும் வெளி மாட்யூல்கள்) வைத்திருப்பவர்கள் ஹெடர்ஸ் பொதியையும் சேர்த்தே நிறுவ வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (தொடக்கத்தில் கர்னல் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பு), எந்தக் கர்னலை ஏற்றுவது என்று தேர்வுசெய்யும் கிரப் மெனுவும் தாமாகப் புதுப்பிக்கப்படும். செக்யூர் பூட் (கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், நீங்களே தொகுத்த கர்னல் கையொப்பமிடப்படாமல் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுதொடக்கத்துக்குப் பின் ‘யூநேம் -ஆர்’ புதிய பெயரைக் காட்ட வேண்டும். கைபேசியை இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், ‘ஐபி லிங்க்’ பட்டியலில் ஒரு புதிய இடைமுகம் தோன்றும். மாறாக, ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியோடு கர்னல் உறைந்து நின்றால், வட்டின் டிரைவரோ கோப்பு முறைமையின் டிரைவரோ விடுபட்டிருக்கலாம், அல்லது இனிட்ராம்எஃப்எஸ் சரியாக உருவாகாமல் இருக்கலாம். கிரப்பின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே வந்து, மீண்டும் டிஃப்கான்ஃபிக்கிலிருந்து தொடங்குங்கள். புதியது ஒரு வாரமாவது தொல்லையின்றி ஓடிய பிறகே பழையதை நீக்குங்கள்.