யார் மேலே என்று மட்டும் பார்ப்பதும் உதவிதான்

குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் நாங்கள் சாயங்காலம் செஸ் ஆடும் இடத்துக்குப் புதுப் பசங்கள் நிறைய வருகிறார்கள். எங்கள் செட் அந்த வயதில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மடியில் போனை வைத்து மூவுக்கு மூவு என்ஜினைக் (நல்ல மூவைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் புரோகிராம்) கேட்பது ஏமாற்று என்று அவர்களுக்கே தெரியும், அதை விடுங்கள். தப்பென்றே தோன்றாமல் செய்வதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதியில் நின்ற ஆட்டம்

பாலக்கோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேர் நடுவில் நிறுத்தினார்கள். போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் தொடருவதாகப் பேச்சு. வெள்ளை ஆடிய பையன் எப்போதும் பட்பட்டென்று நகர்த்துபவன். மறுநாள் வெகுநேரம் யோசித்தான். பிறகு எதிராளி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைப் பிஷப்பால் வெட்டினான். பிஷப் போனது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மேட்.

"போன்ல பார்த்தியா?" என்றேன்.

"மூவ் எதுவும் பார்க்கலைணா. யார் மேலன்னு மட்டும்தான். பிளஸ் நாலு காட்டுச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் காட்டிய அந்த எண்ணே பெரிய உதவி. பிளஸ் என்றால் வெள்ளை மேலே, நாலு என்றால் கிட்டத்தட்ட ஜெயித்த நிலை. பயிற்சிப் புதிரின் கீழே 'வெள்ளை ஆடி வெல்க' என்று போட்டிருப்பதால்தான் நாம் விடாமல் தேடுகிறோம். நிஜ ஆட்டத்தில் 'இப்போது தேடு' என்று யாரும் சொல்வதில்லை. அதை உணர்வதுதான் திறமையின் பாதி. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியும் நகர்த்தலை மட்டும் தடுக்கவில்லை. குறிப்பு, தகவல், ஆலோசனை எல்லாவற்றையும் தடுக்கிறது.

"அந்தக் காலத்துல ஆட்டத்தை ஒத்திவச்சு ராத்திரி அலசினாங்களே?" என்று கேட்டான். உண்மைதான். 1972 உலக சாம்பியன் போட்டியில் ஃபிஷருக்கும் ஸ்பாஸ்கிக்கும் நடந்த கடைசி ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் ஸ்பாஸ்கி போனிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் அது விதிப்படி நடந்தது. இரண்டு தரப்பும் அலசலாம், இரண்டு தரப்புக்கும் அது தெரியும். கணினிகள் வலுத்த பிறகு, 1990களில் அந்த வழக்கமே போய்விட்டது.

கறுப்பு ஆடிய பையனுக்கு விஷயம் தெரிந்ததும் அவனோடு ஆடுவதையே நிறுத்திவிட்டான். அருமையான ஜோடி அது, ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த பிஷப் பலியைத் தானாகவே கண்டுபிடித்திருப்பானா என்பது ஜெயித்தவனுக்கும் இனித் தெரியப்போவதில்லை. நிறுத்தும்போதே "நடுவுல பார்க்கலாமா, வேணாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இருவரும் சரி என்றால் தாராளமாகப் பார்க்கலாம்.

வேடிக்கை பார்ப்பவர் முகம்

குதிரையைத் தொடப் போகும்போது பின்னால் நிற்கும் அண்ணன் "ச்சு" என்றால் அதுவும் தகவல்தான். அவர் முகத்தைத் தேடாதீர்கள். வாய்விட்டே மூவைச் சொல்லிவிட்டால், "இதை ஆடட்டுமா, வேற ஆடட்டுமா?" என்று எதிராளியைக் கேளுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு.

மூவைத் திரும்ப எடுப்பது

முதல் காயை நகர்த்தும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நாள்கணக்கில் ஓடும் ஆன்லைன் ஆட்டம்

லிச்செஸ், செஸ்.காம் இரண்டிலும் இந்த வகை ஆட்டத்தில் ஓப்பனிங் புத்தகம் (ஆட்டத் தொடக்க மூவ்களின் தொகுப்பு) பார்க்கலாம். என்ஜின் கூடாது, நண்பனோடு சும்மா ஆடினாலும். ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் சேர்ந்தே என்ஜினைத் திறங்கள்.