கதை ப்ராஜெக்டுக்கு தீம் புடிக்க ஒரு ஈஸி வழி

கிளாஸ்ல "எல்லாருக்கும் பொதுவான தீம் வச்சு ஒரு கதை எழுதிட்டு வா"ன்னு சொன்னா முக்காவாசி பேர் அன்பு, நட்பு, துரோகம்னு ஒத்த வார்த்தைய எழுதிட்டு அதுக்கு மேல நகராம உக்காந்துடுறாங்க. அது வெறும் தலைப்புங்க, அத ஒரு கேள்வியா மாத்துங்க.

சிண்ட்ரெல்லா கதையவே எடுத்துக்கோங்க. சீனால 9ஆம் நூற்றாண்டுலயே யே ஷியான்னு ஒரு பொண்ணு கதைய துவான் செங்ஷி எழுதி வச்சிருக்காரு, அதுல பூசணிக்கா வண்டியெல்லாம் கிடையாது, அவ ஆசையா வளத்த மீன சித்தி கொன்னு தின்னுட்டு முள்ள குப்பைல ஒளிச்சு வச்சிடுறா, அந்த முள்ளுதான் இவ கேட்டதெல்லாம் குடுக்குது. 1697ல பிரான்ஸ்ல பெரோ எழுதினதுல ஞானத்தாயா வர்ற தேவதை உதவுறா. ஜெர்மனில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்டதுல அம்மா சமாதில அவ நட்ட மரம் உதவுது, அதுலயே அக்காக்காரி செருப்புல கால் நுழையணும்னு கால்விரலயே வெட்டிக்கிறா (கொடூரம்தான்!).

மூணுலயும் கேள்வி ஒண்ணுதான், சொந்த வீட்லயே நாதியில்லாதவளுக்கு யாரு துணை? உங்க கதைல அந்த துணைய மட்டும் மாத்திப் பாருங்க, ஹாஸ்டல் வாட்ச்மேனா இருக்கலாம், செத்துப்போன பாட்டியோட பழைய போனா கூட இருக்கலாம். செருப்பு, ராஜகுமாரன் ரெண்டையும் தயவுசெஞ்சு தூக்கிடுங்க, டீச்சர் முதல் பாராலயே கண்டுபுடிச்சிடுவாங்க.