வேலையை விடாமல் கைத்தொழில் முகாமைத்துவத்தில் முதுமாணி: மட்டக்களப்பு, அம்பாறையில் இருப்பவருக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே முதுமாணி படிக்கிறவர்கள் பாடங்களில் விழுவது குறைவு. பாடமெல்லாம் முடித்துவிட்டு ஆய்வறிக்கையில்தான் ஆண்டுக்கணக்காகக் கிடப்பார்கள். ஆலையின் உற்பத்தி, தரம், நேரம், செலவை நிர்வகிப்பதைப் படிக்கும் கைத்தொழில் முகாமைத்துவத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. தேவையான தரவை நூலகத்தில் எடுக்க முடியாது, ஆலைக்குள் நின்று அளந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே விண்ணப்பம் நிரப்ப முதலே இரண்டு விடயத்தை முடிவுசெய்யுங்கள்: எந்த இடத்தில் அளக்கப் போகிறீர்கள், அங்கே உங்களை உள்ளே விடுவார்களா?

எந்த மட்டம், எந்தப் பட்டம்

பட்டங்களை மட்டம் பிரித்து வைக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு). பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் ஆய்வுக்குக் குறைந்தது 15. அரச சேவையில் இருப்பவர் தன் பதவிக்குரிய சேவைப் பிரமாணக் குறிப்பை (ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகள் உள்ள ஆவணம்) எடுத்து, எந்த மட்டம் கேட்கப்பட்டிருக்கிறது என்று வாசித்த பிறகே காசு கட்டவேண்டும். பிறகு கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்துக்கே போங்கள்.

பட்டத்தின் பெயரில் 'கைத்தொழில் முகாமைத்துவம்' என்றே இருக்கவேண்டும் என்று தேடினால் தெரிவு சுருங்கிவிடும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப முகாமைத்துவத் துறை எம்.பி.ஏ. நடத்துகிறது. பேராதனையில் உற்பத்தி, கைத்தொழில் பொறியியலுக்கென்று தனித்துறை உண்டு. களனியில் கைத்தொழில் முகாமைத்துவத் துறை விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முகாமைத்துவ பீடங்களோடு இருக்கின்றன. அங்கே எம்.பி.ஏ. படித்து, ஆய்வுத் தலைப்பை ஆலைப் பிரச்சினையாக வைத்துக்கொள்ளலாம். பொறியியல் பட்டம் உள்ளவருக்கு மொறட்டுவையும் பேராதனையும் பொருந்தும். வர்த்தகம், முகாமைத்துவம் படித்தவர் பொறியியல் துறைப் பாடநெறிகளின் அனுமதித் தகைமையை வரி வரியாகப் பார்க்கவேண்டும்.

ஊரிலே கிடைக்கும் பொது எம்.பி.ஏ.யைத் தாழ்வாக நினைப்பவர்கள் உண்டு. சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையை நடத்துகிறவருக்கு, இரண்டு வருடம் வாரா வாரம் கொழும்புக்கு ஓடுவதைவிட ஒலுவில் படிப்பு பல வேளைகளில் நல்ல தெரிவு. செயற்பாட்டு ஆய்வும் (கணித முறையில் சிறந்த முடிவைத் தேடும் பாடம்) தரக் கட்டுப்பாடும் ஆழமாக வேண்டுமென்றால் மட்டும் தூரம் போகலாம்.

வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே நடத்தும் தனியார் நிறுவனம் என்றால், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேளுங்கள். விளம்பரத்திலுள்ள இலச்சினையை நம்பவேண்டாம்.

நேரக் கணக்கு

பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். 3 கிரெடிட் பாடம் 150 மணி. 15 வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 10 மணி வேண்டும். ஒரு அரையாண்டில் இரண்டு பாடம் எடுத்தால் 20 மணி, அதைச் சமாளிக்கலாம். மூன்றாவது சேர்ந்தால் 30 மணி. வீட்டில் சின்னப் பிள்ளையும், ஆலையில் இரவு ஷிப்டும் உள்ளவருக்கு அது நடக்காது. ஆய்வில் கணக்கே வேறு: ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி. 15 கிரெடிட் ஆய்வு 1,500 மணியாகிறது. பாடம் முடித்தவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்பது இந்த எண்ணிலேயே தெரியும்.

பல பாடநெறிகள் 80 வீத வரவு கேட்கும். 15 சனிக்கிழமையில் மூன்றைத்தான் விடலாம். கொழும்புப் பக்கம் படிப்பவர் அந்த மூன்றையும் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் செலவழிக்காமல் நவம்பர் முதல் ஜனவரி வரை வைத்திருக்கவேண்டும். மழை பிடித்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறி பொலன்னறுவை வீதி மூடப்படும், ரயிலும் நிற்கும். வெள்ளி இரவு பஸ் ஏறுபவர் ஞாயிறு இரவே திரும்பி, திங்கள் காலை நேரே வேலைக்குப் போகவேண்டியிருக்கும். திங்களன்று கூட்டமோ கணக்கெடுப்போ வராமல் முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

பெயர் முதலாவது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் விரிவாக, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டில், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று நம்மில் பலருக்கு மூன்று விதமாக இருக்கும். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து எல்லாவற்றோடும் இணைத்து அனுப்புங்கள்.

இரண்டாவது சேவைக் கடிதம். 'இவர் எமது நிறுவனத்தில் பணிபுரிகிறார்' என்ற ஒற்றை வரி அனுபவமாகக் கணக்கில் வராது. சேர்ந்த திகதி, பதவிகள், ஒவ்வொரு பதவியிலும் இருந்த காலம், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், என்ன பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பட்டம் பெற்ற பிறகான அனுபவத்தை மட்டுமே எண்ணும் இடங்கள் உண்டு, ஆகவே பட்டம் அமுலாகும் திகதியும் தெளிவாக இருக்கவேண்டும். பெறுபேற்று விபரத்தை முன்பு படித்த பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேரே அனுப்பச் சொல்வார்கள். அதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். விளம்பரம் வரும்வரை காத்திராமல் இப்போதே கேளுங்கள். அரச ஊழியர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டும். முடிவுத் திகதி நெருங்கினால் முற்பிரதி ஒன்றை நேரடியாகவும் அனுப்பிவையுங்கள்.

வகுப்பு தொடங்க முன்

படிப்பும் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழில் பட்டம் படித்தவரைத் தடுக்கி விழுத்துவது பெரும்பாலும் ஒப்படை எழுதுவதுதான், விரிவுரையை எப்படியும் பின்தொடர்ந்துவிடுவார். வேலைத்தலத்தில் நடந்த ஒரு கோளாறை, காரணம், செலவு, தீர்வு என்று ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் அது பின்னால் ஆய்வு முன்மொழிவுக்கும் உதவும். கணிதத்தில் சராசரி, நியம விலகல், நிகழ்தகவு, நேர்கோட்டுத் திட்டமிடல் (இருக்கும் வளத்துக்குள் கூடிய பலனைக் கணக்கிடும் முறை) போதும். எக்செல்லில் அந்தக் கணக்கைத் தீர்க்கும் சோல்வர் வசதியை இயக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆய்வு: போகத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

இந்த மாவட்டங்களில் ஆய்வுக்கு இடம் நிறைய உண்டு: அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, மருதமுனைக் கைத்தறி, ஹிங்குராணைச் சீனி, வாழைச்சேனைப் பக்கத்து மீன், ஐஸ் தொழில். அரிசி ஆலையை எடுப்பவர் நாட்காட்டியை நெல்லுக்கு ஏற்றபடி வைக்கவேண்டும். பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் குவியும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். முன்மொழிவு ஏப்ரலில் அங்கீகாரமானால் முக்கிய அறுவடை போய்விட்டது, ஓகஸ்ட் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். இடையில் களஞ்சிய நெல்லை வைத்து அளக்கலாம் என்று தோன்றும். களஞ்சிய நெல் ஏறக்குறைய 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்தது. வயலிலிருந்து ஈரமாக வரும் நெல்லில் உலர்த்தியின் சுமையும் குறுநொய் (உடைந்த அரிசி) வீதமும் வேறு. இரண்டையும் கலந்தால் வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே அதுதான். டிசம்பருக்குள் அங்கீகாரம் வாங்கிவிடுங்கள்.

அளவீட்டுக்கு ஒரு உதாரணம். மூட்டை நிறுத்து, வாய் தைக்கும் இடத்தில் ஒரு மூட்டைக்கு சராசரி 40 செக்கன் எடுக்கிறது. அந்தத் தொழிலாளி வழமையைவிட வேகமானவர், சாதாரண வேகத்தை 100 என்று வைத்தால் அவருடைய வேக மதிப்பீடு 110 வீதம். ஆகவே சாதாரண வேகத்துக்குரிய இயல்பு நேரம், 40ஐ 1.1ஆல் பெருக்க, 44 செக்கன். களைப்பு, தண்ணீர் குடிக்க என்று 15 வீதம் கூட்டினால் நியம நேரம் 50.6 செக்கன். ஒரு மணிக்கு 71 மூட்டை. ஆலை 90 எதிர்பார்த்தால், தொழிலாளி சோம்பேறி என்ற முடிவுக்குப் போகமுதல் இந்தக் கணக்கைக் காட்டவேண்டும்.

எத்தனை தடவை அளக்கவேண்டும்? 1.96ஐ நியம விலகலால் பெருக்கி, சராசரியின் 5 வீதத்தால் வகுத்து, வருவதை வர்க்கியுங்கள். விலகல் 6 செக்கனென்றால் 1.96 தடவை 6 என்பது 11.76, சராசரி 40இன் 5 வீதம் 2; 11.76ஐ 2ஆல் வகுக்க 5.88, வர்க்கம் 34.6, அதாவது 35 அளவு. இது 95 வீத நம்பிக்கை, 5 வீத வழுவுக்கு. ஸ்டொப்வொட்ச்சைக் கண்டதும் சிலர் வேகம் கூட்டுவார்கள், சம்பளத்தை வெட்டப் போகிறார்கள் என்று பயந்தவர் குறைப்பார். முதல் நாள் அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதற்கு அளக்கிறீர்கள் என்று தொழிலாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறுவன அனுமதியை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் எடுங்கள். முகாமையாளர் மாறினால் பழைய வாக்கு செல்லாது. எந்தத் தரவு, எந்தக் காலம், நிறுவனப் பெயர் மறைக்கப்படுமா, உற்பத்திச் செலவு வெளியில் வரலாமா என்று நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். சொந்த வேலைத்தலம் என்றாலும் இந்தக் கடிதம் வேண்டும். வேலை மாறினால் அதை வைத்துத்தான் தரவைப் பயன்படுத்த முடியும்.

மேற்பார்வையாளருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமாவது அனுப்புங்கள். ஒரு அத்தியாயம் முழுதும் எழுதி முடித்துக் கொடுப்போம் என்று இருந்தால் அரையாண்டு போய்விடும். காலம் போதாது என்று தெரிந்தால் நீடிப்புக் கடிதத்தைப் பதிவுக்காலம் முடிய முன்னரே, இதுவரை முடித்த பகுதிகளின் பட்டியலோடு கொடுங்கள். காலம் முடிந்த பிறகு போனால் புதிதாகப் பதிந்து கட்டணத்தை மறுபடி கட்டச் சொல்லக்கூடும்.